கொடுக்குமுன் எண்ணிப் பார்ப்போம்

கண்டியில் நடக்கும் பாடசாலைப் போட்டிகளில் சில தங்கைமார் குதிரையைப் பறிகொடுத்துவிட்டு, "தியாகம் செய்தேன்" என்பார்கள். கொடுப்பதெல்லாம் தியாகமாகுமா?

2013 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீயில், சென்னையின் விஸ்வநாதன் ஆனந்த் கறுப்புக் காய்களுடன் ஆர்மீனியாவின் லெவோன் அரோனியனை 23 நகர்வுகளில் வென்றார். 15ஆவது நகர்வில் மந்திரியைக் காலாள் வெட்டக்கூடிய கட்டத்தில் வைத்தார்; அடுத்ததில் குதிரையை. பின்னர் ஒரு கோட்டையையும் வெட்ட விட்டார்.

அவர் கணக்கு இதுதான். அரோனியனின் அரசி பக்கக் கோட்டையும் மந்திரியும் ஆட்டம் முடியும்வரை அசையவே இல்லை. ஆனந்தின் இரு மந்திரிகளும் தூரத்திலிருந்தே வெள்ளை அரசனின் மூலையைக் குறிவைத்தன; குதிரையும் அரசியும் அங்கே வந்து சேர்ந்தன. பலகை முழுவதும் எண்ணினால் வெள்ளைக்கே பலம். அரசனருகே எண்ணினால் கறுப்புக்கு. கடைசி நகர்வில் கறுப்பு மந்திரி, வெள்ளை அரசி தன் அரசனைக் காத்த வழியை மறித்தது. அரோனியன் தோல்வியை ஏற்றார்.

ஆகவே தங்கைமாரே, காயைக் கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதிரி அரசனைத் தாக்க என் காய்கள் எத்தனை? காக்க வரக்கூடியவை எத்தனை? என் காயை வெட்டாமல் விட்டால் அடுத்து என்ன செய்வேன்? விடை இல்லாவிட்டால் அது வெறும் இழப்பு.

"உயர்தரப் பரீட்சை வருகிறது, செஸ்ஸை விடு" என்று வீட்டில் சொல்கிறார்கள். பெற்றோரே, அந்தக் கணக்கையும் பலகையில் கற்றபடியே போட்டேன். வார இறுதிப் போட்டிகளைக் கொடுத்துவிட்டேன். இரவில் அரைமணி நேர ஆட்டத்தை மட்டும் கொடுக்கவில்லை.