உங்கள் ஊர்த் தாளை விரித்து வையுங்கள்: ஓர் இளம் புவியியல் ஆசிரியருக்குக் கடிதம்

அன்புள்ள தம்பி,

பொள்ளாச்சிப் பக்கத்து அரசுப் பள்ளியில் புவியியல் ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று அறிந்து மனம் நிறைந்தது. முதல் வகுப்பை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஆண்டு வேலைக்கு வந்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

பாடநூலில் நிலவரைபடம் ஒரு பாடம், நிலத்தோற்றங்கள் இன்னொன்று, காலநிலை வேறொன்று. தேர்வுக்கு அது வசதி. தரையில் அவை அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. மூன்றையும் சேர்த்துக் கட்டியிருப்பது உயரம். ஓரிடத்தின் உயரத்தைத் தாளில் படிக்கத் தெரிந்துவிட்டால், ஆறு ஏன் அந்தப் பக்கம் திரும்பியது, மேகம் ஏன் அங்கேயே நின்றுவிட்டது என்று பிள்ளைகளே கேட்கத் தொடங்குவார்கள். அதனால் சம உயரக் கோட்டிலிருந்து தொடங்குங்கள். அதையும் இமயமலையில் தொடங்காதீர்கள். பொள்ளாச்சியும் ஆழியாறும் இருக்கும் டோப்போ ஷீட்டில், அதாவது நிலத்தோற்ற வரைபடத் தாளில், தொடங்குங்கள். இந்திய நில அளவைத் துறையிடம் கிடைக்கும். 1:50,000 அளவுகோல் கொண்ட தாளே போதும்.

தாளைக் காட்டுவதற்கு முந்தைய நாள் ஒரு வேலை செய்யுங்கள். அகலமான தொட்டி ஒன்றில் குளத்துக் களிமண்ணால் ஒரு குன்று பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு. இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் தொட்ட விளிம்பைச் சுற்றிலும் ஈர்க்குச்சியால் கீறட்டும். மேலும் இரண்டு விரற்கடை, மறுபடி ஒரு கீறல். உச்சி முழுகியதும் தண்ணீரை இறைத்துவிட்டு, நேர் மேலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். செங்குத்துப் பக்கத்தில் கோடுகள் நெருங்கியும் சரிவான பக்கத்தில் விலகியும் கிடக்கும். விளக்கமே தேவைப்படாது.

மறுநாள் தாளில் அதே கோடுகள் பழுப்பு நிறத்தில் இருக்கும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 20 மீட்டர் உயர வேறுபாடு; தாளின் 1 சென்டிமீட்டர் தரையில் 500 மீட்டர். கணக்குப் போட வையுங்கள். ஆழியாற்றுக்கு மேலே மலைச்சரிவில் அரை சென்டிமீட்டருக்குள் ஆறு கோடுகள் நெருங்கியிருந்தால், 250 மீட்டர் போவதற்குள் 100 மீட்டர் ஏற வேண்டும் என்று பொருள். வால்பாறைச் சாலைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏன் தேவைப்பட்டன என்பது அப்போது பிடிபடும். அந்தச் சாலையில் பேருந்தில் போய் வயிறு புரட்டிய பிள்ளைகள் உங்கள் வகுப்பில் நிச்சயம் இருப்பார்கள். அவர்களைப் பேச விடுங்கள். பொள்ளாச்சி ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வால்பாறை 1,000 மீட்டருக்கும் மேலே. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்ற விதியைச் சொல்லி, வால்பாறை எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று கேளுங்கள். வரைபடத்திலிருந்து காலநிலைக்கு அவ்வளவுதான் தூரம்.

இனி உங்களுக்கு மட்டும் வாய்த்திருக்கும் நிலத்தைப் பற்றிச் சொல்கிறேன். இதற்காகவே உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

ஆனைமலையில் பிறக்கும் ஆழியாறு பொள்ளாச்சிப் பக்கமாக இறங்கி, கிழக்கே வராமல் கேரளத்துக்குள் போகிறது. பாரதப்புழையோடு சேர்ந்து பொன்னானியில் அரபிக் கடலை அடைகிறது. சற்றுக் கிழக்கே, உடுமலைப் பக்கம் இறங்கும் அமராவதி கரூருக்கு அருகே காவிரியில் கலந்து வங்கக் கடலுக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவே நீர்ப்பிரிமேடு இருந்தாக வேண்டும். ஆனால் பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்குப் பேருந்தில் போனால் எந்த மலையும் குறுக்கே வராது. தென்னந்தோப்புகளும் காடுகரையும் உள்ள, சமவெளி போலத் தோன்றும் நிலத்தில் அந்த மேடு படுத்துக்கிடக்கிறது. தாளை விரித்து, ஓடைகளையும் பள்ளங்களையும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, மேற்கே போவதைச் சிவப்பு பென்சிலாலும் கிழக்கே போவதைப் பச்சையாலும் வரையச் சொல்லுங்கள். இரண்டு நிறத்துக்கும் இடையே ஒரு கோடு தானே உருவாகும். ‘எங்க ஊர் மழைத்தண்ணி எந்தக் கடலுக்குப் போகுது?’ என்ற கேள்விக்கு ஒரே வகுப்பில் இரண்டு விடை வரலாம். அந்தப் பீரியட் முடிந்து மணியடித்தாலும் பிள்ளைகள் எழுந்து போக மாட்டார்கள். அப்படியே, தாளில் வறண்ட ஓடைகள் கறுப்பிலும் நீர் நிற்கும் இடங்கள் நீலத்திலும் இருப்பதைக் காட்டிவிடுங்கள். மலையைவிட்டு விலக விலகக் கறுப்பு கூடுவதை அவர்களே கவனிக்கட்டும்.

அதற்கடுத்து காண்டூர் கால்வாய். சர்க்கார்பதி மின்நிலையத்திலிருந்து திருமூர்த்தி அணை வரை, ஆனைமலையின் அடிவாரத்தை ஒட்டியே ஏறத்தாழ 49 கிலோமீட்டர் ஓடுகிறது. மலை உள்வாங்கும் இடத்தில் உள்ளே போய், புடைக்கும் இடத்தில் வெளியே வளைகிறது. தாளில் அது சம உயரக் கோடுகளோடு ஒட்டிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். உயரத்தை வீணாக்காமல், தண்ணீர் தன் எடையிலேயே நகரும் அளவுக்கு மட்டும் சரிவு வைத்திருக்கிறார்கள். மேற்கே போக வேண்டிய பரம்பிக்குளத்துத் தண்ணீர் இப்படித்தான் அந்தக் கண்ணுக்குத் தெரியாத மேட்டைக் கடந்து பல்லடம், காங்கேயம் பக்கத்து நிலங்களுக்குப் போகிறது. அதற்காகவே தமிழ்நாடும் கேரளமும் 1970இல் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் செய்துகொண்டன. சம உயரக் கோடு எதற்கு என்று கேட்கும் பிள்ளையின் தாத்தா அந்தத் தண்ணீரில் வெள்ளாமை செய்தவராகக்கூட இருக்கலாம். முடிந்தால் கால்வாய்க்கே அழைத்துப் போங்கள். முறையான அனுமதியோடு, கரையிலிருந்து தள்ளி நின்று. அதில் நீரோட்டம் வேகமானது.

காற்றுக்கு வருவோம். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய். தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695 மீட்டர். இடையே இருப்பதோ பேருந்தும் ரயிலும் பெரிய ஏற்றம் இல்லாமல் போய்வரும் தாழ்வு. தென்மேற்குப் பருவக்காற்று அந்தத் திறப்பில் நெருக்கியடித்து நுழைகிறது. ஆடிக்காற்றில் உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள் எப்படிச் சுழல்கின்றன என்பதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். காரணத்தைத் தாளில் காட்டுவது உங்கள் வேலை.

மழை மறைவுப் பகுதியைக் கற்பிக்கும்போது கவனமாக இருங்கள். ‘மலைக்கு இந்தப் பக்கம் மழை பெய்யாது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது நம் வகுப்பறைகளில் வழக்கமாகிவிட்டது. அது பிள்ளைகளுக்குத் தீங்கு செய்கிறது என்றே நினைக்கிறேன். ஏறும் காற்று குளிர்ந்து மழையாகிறது, இறங்கும் காற்று சூடாகி மேகம் கரைகிறது. இவ்வளவுதான் விதி. எது ஏறும் பக்கம், எது இறங்கும் பக்கம் என்பதைக் காற்றின் திசை முடிவு செய்கிறது. ஜூன், ஜூலையில் நீலகிரியின் மேற்குப் பக்கத்துக் கூடலூரும் தேவாலாவும் நனையும். அக்டோபரில் காற்று வடகிழக்கிலிருந்து திரும்பி, வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்து வரும்போது கிழக்கே பார்த்த குன்னூரும் கோத்தகிரியும் நனையும். மறைவு இடம் மாறிவிட்டது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்த வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. சென்னைக்கு இன்னும் அதிகம். இந்தியாவின் பெரும்பகுதிக்குப் பொருந்தும் பருவமழைப் படத்தை அப்படியே நம் பிள்ளைகளின் தலையில் ஏற்றக் கூடாது.

2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, உதகைப் பக்கம் பெய்த பெருமழையில் மலைச்சரிவுகள் இடிந்து விழுந்து பல உயிர்கள் போயின. நெருங்கிய கோடுகள், வடகிழக்குப் பருவம், வெட்டப்பட்ட சரிவு: மூன்றையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்த ஒருவர் அந்த ஊர்களில் எங்கே வீடு கட்டக் கூடாது என்று சொல்லிவிடுவார். நாளை ஊராட்சிக் கூட்டத்தில் அப்படி எழுந்து பேசப்போகும் பிள்ளை இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கலாம். புவியியலை மதிப்பெண்ணுக்கான எளிய பாடம் என்று யாராவது சொன்னால் எனக்கு வலிப்பது இதனால்தான்.

வரைபடம் வானத்திலிருந்து விழுந்ததில்லை என்பதையும் ஒருநாள் கதையாகச் சொல்லுங்கள். 1802இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலி வைத்து அளந்தார். அதிலிருந்து முக்கோணம் மேல் முக்கோணமாகத்தான் இந்தியா அளக்கப்பட்டது. முக்கோணத்துக்கு உயரமான முனைகள் வேண்டும். காவிரி டெல்டாவோ தட்டை நிலம், குன்றே கிடையாது. அதனால் 1808இல் கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் அதைத் தானே செப்பனிட்டு மறுபடி வேலையைத் தொடர்ந்தார். நிலத்தின் தட்டைத்தன்மையே அளப்பவருக்கு எப்படித் தடையாகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

சேர்ந்த முதல் ஆண்டிலேயே ஒரு மழைப்பதிவேட்டைத் தொடங்கிவிடுங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமும் தட்டையான அடியும் கொண்ட பாத்திரம், ஒரு ஸ்கேல், ஒரு கோடு போட்ட நோட்டு. மரத்தடியிலும் சுவரோரமும் வேண்டாம். மைதானத்தின் நடுவில் வையுங்கள். வானிலை ஆய்வு மையம் அளப்பது போலவே காலை 8.30 மணிக்கு அளக்க வேண்டும். பிள்ளைகள் முறைவைத்துச் செய்யட்டும், ஞாயிற்றுக்கிழமைக்கும் ஆள் இருக்கட்டும். 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர் என்று சொல்லி, பள்ளிக் கூரையில் விழுந்த தண்ணீரைக் கணக்கிட வையுங்கள். ஒரு பருவத்தின் சராசரியைக் காலநிலை என்று எழுதவிடாதீர்கள். அதற்கு 30 ஆண்டுப் பதிவு வேண்டும். உங்களுக்கு அவ்வளவு சர்வீஸ் இருக்கிறது. டிசம்பர் முடிந்ததும் பதிவேட்டின் நகல் ஒன்றை எனக்கு அனுப்புங்கள்; வால்பாறையில் ஓர் ஆசிரியரும் இதே வேலையைத் தொடங்க ஒப்புக்கொண்டிருக்கிறார், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு புவியியல் ஆசிரியர்