மேட்டுச் சரிவுக்கு நிலப்போர்வையாக ஆவாரை

அஞ்செட்டி வட்டம் நாட்றாம்பாளையம் போன்ற மலையோரக் கிராமங்களில் கேழ்வரகும் கொள்ளும் விளையும் மானாவாரி நிலங்களுக்கு மேற்புறம், சரளைச் சரிவுகள் வெறுமையாகக் கிடப்பதைக் காணலாம். பலத்த மழை ஒன்று பெய்தால் போதும். சரளை அடித்து வரப்பட்டுக் கீழ் வயலை மூடிவிடும். இத்தகைய இடத்திற்கு ஆண்டு முழுவதும் பசுமை மாறாத புதர்ச்செடி ஒன்று தேவை. அதற்கு ஆவாரை ஏற்றது.

மண்ணைப் பிடிக்கட்டும் என்று உழவர் சிலர் உண்ணிச்செடியை விட்டுவைக்கின்றனர். இது தவறு. அமெரிக்க வெப்ப நாடுகளைச் சேர்ந்த இச்செடி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக நம் நாட்டுக்கு வந்தது. பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பியதால் காடு மேடெங்கும் பரவி, மேய்ச்சல் புல்லை அழித்துவிட்டது. இதன் தழையைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெட்டுக் காமாலை காணும். வெயில் பட்ட இடங்களில், குறிப்பாக மூக்கு நுனியில், தோல் வெடித்துப் புண்ணாகும். தீவனப் பஞ்ச காலத்தில் பசித்த மாடுதான் பெரும்பாலும் இதில் வாய் வைக்கிறது. ஆகவே முதலில் உண்ணிச்செடியை வேரோடு அகற்றுங்கள்.

ஆவாரையை ஆடு மாடுகள் விரும்பி மேய்வதில்லை. வறட்சியைத் தாங்கும், உரம் கேட்காது. ஆயினும் விதையை அப்படியே தூவினால் முளைப்பு மிகக் குறைவாகவே இருக்கும். ஏனெனில் விதையுறை கடினமானது. பழுப்பேறிக் காய்ந்த நெற்றுகளிலிருந்து விதை எடுத்துக்கொள்ளுங்கள். நீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கிச் சற்றுப் பொறுத்து விதையைப் போட்டு இரவு முழுவதும் ஊறவிடுங்கள். கொதிக்கும்போதே போட்டால் முளை வெந்துவிடும். காலையில் உப்பியிருக்கும் விதைகளை உடனே விதைக்கலாம். உப்பாதவற்றைப் பெருமணலோடு சேர்த்துத் தேய்த்து மறுபடி ஊறவைக்கவும்.

ஆடி, ஆவணியில் மண் நன்கு நனைந்ததும், சரிவுக்குக் குறுக்காக 45 செ.மீ. இடைவெளியில் சிறு குழிகள் எடுத்து, குழிக்கு நான்கு விதை வீதம் ஊன்றுங்கள். அடுத்த வரிசைக் குழிகள் முதல் வரிசையின் இடைவெளிகளுக்கு நேராக அமையட்டும். ஓடி வரும் நீர் தடைபட்டு வேகம் குறையும். பயிர் வரிசையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளியே விதைப்பது நல்லது. மேய்ச்சல் ஆடுகள் இளங்கன்றை மிதித்து நாசம் செய்யும். எனவே முதல் ஆண்டு மட்டும் முள் போட்டுக் காக்கவும்.

இரண்டாம் ஆண்டிலிருந்து மழைக்காலத்தில் முழங்கால் உயரத்திற்குக் கவாத்து செய்தால் பக்கக் கிளைகள் பெருகித் தரையை மூடும். எல்லா வரிசைகளையும் ஒரே சமயத்தில் வெட்டாமல், ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக வெட்டுங்கள். வெட்டிய தழை வயலுக்குப் பசுந்தழை உரமாகும். கோடையில் வெட்டவே கூடாது. முன்பு தோல் பதனிடப் பட்டை உரித்து விற்றதுண்டு. தண்டைச் சுற்றிப் பட்டையை உரித்தால் அதற்கு மேலுள்ள பகுதி பட்டுப்போகும். நிழலில் உலர்த்திய பூவை நாட்டு மருந்துக் கடைகளில் வாங்குகிறார்கள். ஆனால் பூ முழுவதையும் பறித்துவிடாமல், இடைவெளிகளில் மறுவிதைப்பு செய்யத் தேவையான நெற்றுகளை விட்டுவையுங்கள்.