பறக்கும் டாக்சி நம் ஊருக்கு எதற்கு?

கேள்வி: மின்சாரத்தில் பறக்கும் டாக்சி வரப்போகிறதாமே! எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அதனால் நன்மையா, கெடுதலா?
– வாசகர், அறந்தாங்கி

பதில்: டாக்சியாக வந்தால் வசதி படைத்த சிலருக்குத்தான் பயன். ஆம்புலன்ஸாக வந்தால் கதையே வேறு. சென்னை ஐஐடியில் 2019-இல் உருவான இ-பிளேன் நிறுவனம், மின்சாரத்தில் பறக்கும் 788 விமான ஆம்புலன்ஸ்கள் தர 2025-இல் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. கோட்டைப்பட்டினத்தில் ஒரு மீனவருக்கு நெஞ்சுவலி வந்தால், புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரிக்குச் சாலை வழியே போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அந்த நேரம்தான் உயிர்.

புகை கக்காது என்பது உண்மை. ஆனால் செங்குத்தாக எழும்பும்போது பேட்டரி மளமளவென்று கரையும். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னமும் நிலக்கரியில் விளைவது. விராலிமலை மயில்களுக்கு மேலே நாள் முழுக்க இரைச்சலோடு பறக்க விடவும் கூடாது. பறக்கும் டாக்சி செய்ய முனைந்த ஜெர்மன் நிறுவனங்களான லிலியமும் வோலோகாப்டரும் 2024-இல் திவால் மனு கொடுத்ததையும் மறக்க வேண்டாம். அரசுப் பணம் போடுவதானால் முதலில் 108 ஆம்புலன்ஸ் வண்டிகளுக்கும் தாலுகா மருத்துவமனைகளுக்கும் போடட்டும். பறக்கும் ஆம்புலன்ஸ் வரும்போது, 108 போலவே அதுவும் இலவசமாக இருக்க வேண்டும் என்று இப்போதே கேளுங்கள்.