கடலுக்குப் போகும் காவிரி நஷ்டக் கணக்கா?

கேள்வி: வெள்ளக் காலத்தில் கொள்ளிடம் வழியாக இவ்வளவு தண்ணீர் கடலில் கலக்கிறதே, ஒரு சொட்டு விடாமல் தடுத்துவிட முடியாதா?
– வாசகர் ஒருவர், திருவையாறு

பதில்: கடைமடையில் பயிர் வாடுவதைப் பார்த்தவர் இப்படிக் கேட்பது நியாயம்தான். ஏரி, குளங்களைத் தூர்வாரிச் சேமிக்கக்கூடியதைச் சேமிக்கவே வேண்டும். ஆனால் கடலுக்குப் போவதெல்லாம் நஷ்டம் இல்லை.

முத்துப்பேட்டையைப் பாருங்கள். பாமணியாறு, கோரையாறு போன்ற காவிரியின் கிளைகள் அங்கே கடலைத் தொடுகின்றன. நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும் அந்தக் காயலை ஒட்டித்தான் தமிழகத்தின் பெரிய அலையாத்திக் காடு இருக்கிறது. சேற்றிலிருந்து பென்சில்களைப்போல் நிமிர்ந்து நிற்கும் மூச்சு வேர்களுக்கு நடுவே இறால் குஞ்சுகளும் நண்டுகளும் வளர்கின்றன. ஆற்றுநீர் வரத்து குறைந்தால் உப்பு ஏறும், மரங்கள் குன்றும், மீனவர் வலையில் பாடு குறையும்.

வண்டலும் அப்படித்தான். டெல்டாவே காவிரி கொண்டுவந்து கொட்டிய மண். 1934-ல் மேட்டூர் அணை வந்தபின் அதில் நிறைய அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

நிலத்தடியிலும் கடல் நெருக்குகிறது. நல்ல நீரின் அழுத்தம் குறைந்து, போர்வெல்லில் அளவுமீறி இறைத்தால், கரையோர வயலுக்கடியில் உப்புநீர் புகுந்துவிடும். ஒருமுறை புகுந்தால் எளிதில் போகாது.

நீதிமன்றங்களும் இதை ஏற்றிருக்கின்றன. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் பங்கிட்ட 740 டிஎம்சியில் சுற்றுச்சூழலுக்கு 10 டிஎம்சியும், தவிர்க்க முடியாமல் கடலில் சேர்வதற்கு 4 டிஎம்சியும் ஒதுக்கியது. 2018 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்த 14 டிஎம்சியில் கை வைக்கவில்லை.