சுதந்திர தினம் ஜனவரி 26-ஆ? ஆகஸ்ட் 15-ஆ?



தலைப்பைப் பார்த்ததும் "இது கூடவா தெரியாது?" என்று சிரித்துவிட்டுப் போயிடாதீங்க. கொஞ்சம் நின்று படிங்க. நம் அரசியலமைப்புச் சட்டம் 1949 நவம்பர் 26 அன்றே நிறைவேற்றப்பட்டது என்று பாடத்தில் வருகிறது. ஆனால் நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. எழுதி முடித்த சட்டத்தை ஏன் ரெண்டு மாசம் காத்திருக்க வைத்தார்கள்? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நூலகத்தில் தேட ஆரம்பித்தேன். அது என்னை 1929-க்கே கொண்டுபோய் விட்டது.

1929 டிசம்பர். லாகூரில் ராவி நதிக்கரையில் காங்கிரஸ் மாநாடு. தலைவர் ஜவஹர்லால் நேரு, வயது 40. அதுவரை காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்தது டொமினியன் அந்தஸ்து. அதாவது கனடா, ஆஸ்திரேலியா மாதிரி இங்கிலாந்து மன்னருக்குக் கீழே இருந்துகொண்டே நம்மை நாமே ஆண்டுகொள்வது. அது போதாது, பூரண சுயராஜ்யம்தான் வேண்டும் என்று லாகூரில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 31 நள்ளிரவில் நேரு கொடி ஏற்றினார். பிறகு, ஜனவரி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையை நாடு முழுக்கச் சுதந்திர தினமாகக் கடைப்பிடிக்க முடிவு செய்தார்கள். அந்த ஞாயிறுதான் 1930 ஜனவரி 26. லீவு நாளா இருந்தா நாலு பேர் கூட வருவாங்க என்று நினைத்திருப்பார்கள் போல!

அன்று ஊர் ஊராக மக்கள் கூடினார்கள். சுதந்திர உறுதிமொழியை அவரவர் மொழியில் படித்தார்கள். அப்போது நாட்டை ஆண்டுகொண்டிருந்தது வெள்ளைக்காரன். ஆனாலும் இது எங்கள் சுதந்திர தினம் என்று ஜனங்களே அறிவித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு 1947 வரை வருஷா வருஷம் ஜனவரி 26 தான் சுதந்திர தினம்.

நம்ம சென்னையிலும் ஒரு சம்பவம் உண்டு. 1932 ஜனவரி 26 அன்று புனித ஜார்ஜ் கோட்டையின் உச்சியில் நம் தேசியக் கொடி பறந்தது! இரவோடு இரவாகக் கம்பத்தில் ஏறி அதைக் கட்டியவர் 'ஆர்யா' என்று அழைக்கப்பட்ட பாஷ்யம். பிற்காலத்தில் ஓவியராகப் பெயர் பெற்றவர். காவல் நிறைந்த கோட்டை அது. மாட்டினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? அவர் ஏன் அந்த ராத்திரியைத் தேர்ந்தெடுத்தார் என்பது இப்போது புரிகிறது அல்லவா?

சரி, அப்படியானால் ஆகஸ்ட் 15 எங்கிருந்து வந்தது?

1948 ஜூன் மாதத்துக்குள் ஆட்சியை ஒப்படைத்துவிடுவோம் என்று பிரிட்டிஷ் பிரதமர் அட்லி 1947 பிப்ரவரி 20 அன்று அறிவித்தார். மார்ச்சில் கடைசி வைஸ்ராயாக மவுண்ட்பேட்டன் வந்தார். அவர் 1947 ஜூன் 4 அன்று பத்திரிகையாளர் கூட்டத்தில், ஆகஸ்ட் 15 வாக்கிலேயே ஆட்சி மாற்றம் என்று சொல்லிவிட்டார். அந்தத் தேதி ஏன் என்பதை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1945 ஆகஸ்ட் 15 தான் ஜப்பான் சரணடைந்த செய்தி வந்த நாள். அந்தப் போரில் தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமைத் தளபதியாக இருந்தவர் அவர்தான். ஆக, நம் சுதந்திரத்துக்கு அவர் தன்னுடைய வெற்றி நாளை வைத்தார். (கொரியா மக்களுக்கும் ஆகஸ்ட் 15 தான் விடுதலை நாள். அங்கே ஆண்டதே ஜப்பான் என்பதால் அவர்களுக்கு அது பொருத்தம்!)

தேதி எதுவாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். ஆனால் ஜூன் 4-லிருந்து ஆகஸ்ட் 15-க்கு எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். வெறும் 72 நாள். அதற்குள் ஒரு நாட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டும். எல்லைக்கோடு போட வந்த ராட்கிளிஃப் என்ற வழக்கறிஞர் அதற்கு முன் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. ஜூலை 8 அன்று வந்து இறங்கினார். பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரிக்க அவருக்குக் கிடைத்தது ஐந்து வாரம்தான். அவர் போட்ட கோடு வெளியானது ஆகஸ்ட் 17 அன்று. அதாவது சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து! ஆகஸ்ட் 15 காலையில் எல்லையோர மக்களுக்குத் தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்றே தெரியாது. வங்காளத்தில் முர்ஷிதாபாத்தில் முதலில் பாகிஸ்தான் கொடி ஏறியது. பிறகுதான் அது இந்தியாவுக்கு என்று அறிவிப்பு வந்தது. நதியா மாவட்டத்தில் சில ஊர்களில் அதனால்தான் ஆகஸ்ட் 18-ஐயும் சுதந்திர தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

பிரிவினையில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். லட்சக்கணக்கானோர் செத்துப்போனார்கள். தாமதித்தால் கலவரம் கையை மீறிப் போய்விடும் என்றுதான் அவசரப்பட்டதாக மவுண்ட்பேட்டன் தரப்பில் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் எல்லை தெரியாமலே கொடி ஏற வேண்டிய அளவுக்கு என்ன அவசரம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. காந்தியடிகள் அன்று டெல்லி விழாவுக்கே போகவில்லை. கல்கத்தாவில் உண்ணாவிரதமும் பிரார்த்தனையுமாக இருந்தார்.

இப்படி ஆகஸ்ட் 15 வந்ததும், மக்கள் 17 வருஷம் காத்துவந்த ஜனவரி 26 வெறும் நாளாகிப்போனது. அதை அப்படியே விட்டுவிட நம் தலைவர்களுக்கு மனசு வரவில்லை. அதனால்தான் நவம்பரில் முடிந்த சட்டத்தை ஜனவரி வரை நிறுத்தி வைத்தார்கள். குடியுரிமை, தேர்தல் சம்பந்தப்பட்ட சில பிரிவுகள் மட்டும் உடனே அமலுக்கு வந்தன. மற்றவை 1950 ஜனவரி 26 அன்று அமலுக்கு வரும் என்று சட்டத்திலேயே (394-ஆவது பிரிவு) எழுதி வைத்தார்கள். இந்தத் தேதியை நமக்கு எந்த வைஸ்ராயும் குறித்துத் தரவில்லை.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. காலை 10.18 மணிக்கு இந்தியா குடியரசானது. ஆறே நிமிஷத்தில் ராஜேந்திர பிரசாத் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார்.

பின்குறிப்பு: செங்கோட்டையில் நேரு முதன்முதலாகக் கொடி ஏற்றியது 1947 ஆகஸ்ட் 15 அல்ல, ஆகஸ்ட் 16. வினாடி வினாவில் கேட்பார்கள், குறித்துக்கோங்க!