திமிங்கலமும் மிஷன் கோயில்களும்

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் அன்பர்கள் பலர் கலிபோர்னியா போய் வந்திருப்பீர்கள். அதற்குத் தெற்கே, மெக்சிகோ நாட்டில், ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒல்லியாக ஒரு தீபகற்பம் கிடக்கிறது. பாஹா கலிபோர்னியா, அதாவது கீழ்க் கலிபோர்னியா என்று பெயர். சொல்லப்போனால் கலிபோர்னியா என்ற பெயர் முதலில் இதற்குத்தான் வழங்கியது. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை அங்கே வழிகாட்டியுடன் நடக்கும் சுற்றுலாக்கள் சிலவற்றில் திமிங்கலத்தையும் பழைய கிறிஸ்துவ மிஷன்களையும் சேர்த்தே காட்டுகிறார்கள்.

தொடக்கம் லொரேட்டோ. 1697 அக்டோபரில் சால்வத்தியேரா என்ற இயேசு சபைப் பாதிரியார் இங்கே வந்திறங்கி, தீபகற்பத்தின் முதல் நிலையான மிஷனை நிறுவினார். மிஷன் என்றால் கோயில் மட்டும் அல்ல. வயல், வாய்க்கால், கிடங்கு, பாடம் சொல்லும் இடம் எல்லாம் சேர்ந்த குடியிருப்பு. வேட்டையாடித் திரிந்த மக்களை ஓரிடத்தில் அமர்த்துவதே நோக்கம். மேற்கே மலைக்குள் சுமார் 35 கிலோமீட்டர் போனால் சான் ஹாவியர் கற்கோயில். 1740-களில் தொடங்கி 1750-களின் இறுதியில் முடித்தார்கள். ஆர்ச் பாலம் கட்டிய ரயில்வேக்காரர்களுக்குத் தெரியும், சாரத்துக்கு மரம் கிடைக்காத பாலைவனத்தில் கல் வளைவு எழுப்புவது லேசான காரியம் அல்ல. வடக்கே போகும் வழியில் சாந்தா ரொசாலியாவில் ஐரோப்பாவில் வார்த்துக் கொண்டுவந்து பூட்டிய இரும்புக் கோயில் ஒன்று உண்டு. மிஷன் அல்ல, ஆனால் எங்கள் தொழிலாளிகள் கட்டாயம் இறங்கிப் பார்ப்பார்கள்.

அடுத்து சான் இக்னாசியோ. மிஷன் நிறுவியது 1728-ல். 1767-ல் ஸ்பெயின் மன்னர் இயேசு சபையாரை வெளியேற்றிவிட்டதால், இன்று நாம் காணும் எரிமலைக்கல் கோயிலை டொமினிக்கன் பாதிரிமார் 1786-ல் முடித்தார்கள். சுற்றிலும் பேரீச்சந்தோப்பு, அதுவும் பாதிரிமார் கொண்டுவந்ததே.

கோயில் நிற்கிறது, யாருக்காகக் கட்டினார்களோ அந்தக் கொச்சிமி மக்கள்தான் இல்லை. பாதிரிமார் வந்தபோது தீபகற்பத்தில் 40,000 பேராவது இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் கணிக்கின்றனர். 1768 வாக்கில் எஞ்சியவர் 7,000 அளவே. வாளைவிட அம்மையும் தட்டம்மையும்தான் அதிகம் கொன்றன. ஓரிடத்தில் கூட்டி வைத்ததே நோய் பரவ வழியாயிற்று. அதே இயேசு சபையைச் சேர்ந்த வீரமாமுனிவர் அதே நூற்றாண்டில் தமிழுக்குச் சதுரகராதி செய்தார். கொச்சிமி மொழியிலோ பாதிரிமார் குறித்துவைத்த சில சொற்களும் ஜெபங்களுமே மிச்சம். பேச ஒருவரும் இல்லை.

சான் இக்னாசியோவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் அதே பெயருள்ள காயல். ஆர்க்டிக் பக்கத்துக் கடலில் கோடை முழுதும் மேய்ந்த சாம்பல் திமிங்கலங்கள் இங்கே கன்று ஈன வருகின்றன. போக வர 16,000 கிலோமீட்டருக்கு மேல்! தாய் 14 மீட்டர் நீளம், 30 டன்னுக்கு மேல் எடை. கன்றே பிறக்கும்போது நாலரை மீட்டர். தாய் இங்கே பெரும்பாலும் பட்டினிதான். வடக்கே சேர்த்த கொழுப்பே பாலாகிறது. 1850-களில் ஸ்காமன் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர், அருகிலுள்ள மற்றொரு காயலில் புகுந்து வேட்டையைத் தொடங்கினார். கன்றைக் காக்கத் தாய்கள் படகுகளை மோதி உடைக்கவே, ‘பிசாசு மீன்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பிசாசுதான் 1972-ல் சான் இக்னாசியோவில் ஒரு மீனவரின் படகருகே தானே வந்து உடம்பைத் தொடவிட்டது! இன்றும் தாய் கன்றைப் படகுப் பக்கம் கூட்டிவருவதுண்டு. படகு துரத்தக் கூடாது. அதுவாக வந்தால்தான் உண்டு. இக்காயலில் பெரிய உப்பளம் அமைக்கப் போட்ட திட்டத்தை மெக்சிகோ அரசு 2000-ல் கைவிட்டது.

ஆனால் உப்பளம் போனாலும் கவலை போகவில்லை. 2016-ல் 27,000 அளவில் இருந்த திமிங்கலங்கள் 2025 கணக்கில் 13,000 அளவே. ஆர்க்டிக் பனி குறைந்து, சேற்றிலிருந்து அவை சலித்துண்ணும் சிற்றுயிர்கள் குறைந்ததே காரணம் என்கிறார்கள். கன்றுகளும் குறைவு.

போகும் அன்பர்கள் சான் இக்னாசியோ கோயிலை ஒட்டிய சிறு அருங்காட்சியகத்தை விட்டுவிட வேண்டாம். பக்கத்து மலைக் குகைகளில் பாதிரிமார் வருவதற்கு வெகுகாலம் முன்பே தீட்டிய ஓவியங்களைப் பற்றியது. மான், ஆமை, மனிதர் என்று ஆளுயரத்துக்கும் மேலாக வரைந்திருக்கிறார்கள். யார் வரைந்தது என்று பாதிரிமார் கேட்டபோது, முன்னாளில் இருந்த ராட்சத மனிதர்கள் என்றார்களாம் கொச்சிமி மக்கள். அந்த ஓவியங்களில் திமிங்கலமும் உண்டு.