அலகு: செய்நிரலாக்கம் – மீள்செயற் கட்டமைப்பு
(மெய்நிகர் உலகொன்றின் ஸ்கிரிப்ட் மொழியை உதாரணமாகக் கொண்டு)

மாணவர்களே, தொடர், தெரிவு, மீள்செயல் ஆகிய மூன்றும் கட்டுப்பாட்டுக் கட்டமைப்புகள் என்பதை அறிவீர்கள். இவற்றுள் பலரும் தவறுவிடுவது மீள்செயலிலேயே. வளையம் எத்தனை தடவை இயங்கும், எப்போது நிற்கும் என்ற இரு வினாக்களுக்கும் பிழையின்றி விடையளிக்கப் பழகுவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. அறிமுகம்

அமெரிக்காவின் சன் பிரான்சிஸ்கோ நகரைச் சேர்ந்த லின்டன் லாப் நிறுவனம் 2003 இல் செகண்ட் லைஃப் எனும் மெய்நிகர் உலகை வெளியிட்டது. அங்குள்ள கதவு, வாகனம், மணிக்கூடு போன்ற பொருள்களைப் பயனர்களே உருவாக்குகின்றனர். அவற்றை இயங்கச் செய்வது லின்டன் ஸ்கிரிப்டிங் லாங்குவேஜ், சுருக்கமாக எல்.எஸ்.எல். ஆகும். இதன் எழுத்துமுறை சி மொழியை ஒத்தது. உங்கள் பாடத்திட்டத்தில் உள்ளது பைதன் மொழியே. எனினும் மீள்செயலின் தத்துவம் எம்மொழியிலும் ஒன்றே.

எல்.எஸ்.எல். இல் மூவகை வளையங்கள் உள்ளன.

• ஃபோர்: எத்தனை தடவை என்பது முன்கூட்டியே தெரிந்தவிடத்துப் பயன்படும்.
• வைல்: நிபந்தனை முதலிற் சோதிக்கப்படும். ஒரு தடவையேனும் இயங்காமலும் விடலாம்.
• டூ-வைல்: நிபந்தனை இறுதியிற் சோதிக்கப்படும். குறைந்தது ஒரு தடவை இயங்கியே தீரும்.

2. உதாரணம்

எல்.எஸ்.எல். இல் பொருளொன்றை நகர்த்துவதற்கு 'எல்எல்செட்பொஸ்' எனும் சார்பு உண்டு. இதனை ஒரு தடவை அழைத்தால் பொருள் இலக்கை நோக்கி ஆகக்கூடியது 10 மீற்றர் மட்டுமே நகரும். ஒவ்வோர் அழைப்பின் பின்னரும் ஸ்கிரிப்ட் 0.2 செக்கன் தாமதிக்கும்.

ஒரு பொருள் 20 மீற்றர் நிலையில் உள்ளது. அதனை 65 மீற்றர் நிலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தூரம் 45 மீற்றர். எனவே மீள்செயல் அவசியமாகிறது.

எண்ணி = 0
எண்ணி < 5 ஆக உள்ளவரை
  பொருளை இலக்கை நோக்கி நகர்த்துக
  எண்ணி = எண்ணி + 1
முடிவு

சுவட்டு அட்டவணை:

எண்ணி 0: 20 இலிருந்து 30 இற்கு
எண்ணி 1: 30 இலிருந்து 40 இற்கு
எண்ணி 2: 40 இலிருந்து 50 இற்கு
எண்ணி 3: 50 இலிருந்து 60 இற்கு
எண்ணி 4: 60 இலிருந்து 65 இற்கு
எண்ணி 5: நிபந்தனை பொய், வளையம் நிற்கும்

வளையத்தின் உடல் 5 தடவை இயங்கியது. ஆனால் நிபந்தனை 6 தடவை சோதிக்கப்பட்டது. இவ்வேறுபாட்டை மனதிற் பதித்துக் கொள்க.

3. வழமையான தவறுகள்

(அ) எண்ணிக்கைத் தவறு. 45 ஐ 10 ஆல் வகுத்தால் 4.5 ஆகும். ஆனால் எல்.எஸ்.எல். இல் நிறைவெண்ணை நிறைவெண்ணால் வகுக்கும்போது தசமப் பகுதி கைவிடப்பட்டு 4 மட்டுமே கிடைக்கும். பொருள் 60 இலேயே நின்றுவிடும். இதனைத் தவிர்க்க (45 + 9) ஐ 10 ஆல் வகுத்தால் 5 கிடைக்கும்.

(ஆ) சமன்பாட்டுச் சோதனை. "நிலை இலக்கிற்குச் சமனாகும் வரை நகர்த்துக" என வைல் வளையம் எழுதுவது எளிது. ஆயினும் மிதவைப் புள்ளி எண்கள் இரண்டு துல்லியமாகச் சமனாகும் என நம்பியிருத்தல் ஆகாது. "இலக்கிற்கான தூரம் 0.01 இலும் கூடவாக உள்ளவரை" என எழுதுவதே தகும்.

(இ) முடிவில்லா வளையம். இலக்கு உள்ள காணியினுள் அப்பொருள் நுழைய அனுமதி இல்லையெனில் என்ன நிகழும்? தூரம் குறையாது, நிபந்தனையும் பொய்யாகாது. வளையம் ஓயாது சுழலும். அவ்வேளையில் யாரேனும் பொருளைத் தொட்டாலும் அந்நிகழ்வு வரிசையில் காத்திருக்கும். வரிசையில் 64 நிகழ்வுகளுக்கே இடமுண்டு. அதற்கு மேற்பட்டவை இழக்கப்படும்.

பைதனில் வளையத்தை இடையில் முறிக்க 'பிரேக்' உண்டு. எல்.எஸ்.எல். இல் அது இல்லை. ஆகவே நிபந்தனையிலேயே ஓர் எல்லையைச் சேர்த்தல் நன்று:

தூரம் > 0.01 உம் முயற்சி < 10 உம் ஆக உள்ளவரை

முயற்சியின் பெறுமானத்தை ஒவ்வொரு சுற்றிலும் 1 ஆல் கூட்ட மறக்கலாகாது. மணிக்கூடு போல ஓயாது நிகழவேண்டிய வேலைகளுக்கு வளையமே பொருந்தாது. குறித்த இடைவெளியில் எழும் நேரக்கணிப்பு நிகழ்வையே பயன்படுத்த வேண்டும்.

நிறுத்தம் இல்லாத மீள்செயலின் விளைவுக்கு ஓர் உண்மைச் சம்பவம்: 2006 நவம்பர் 19 இல், தம்மைத் தாமே பிரதிசெய்யும் பொன்னிற மோதிர வடிவப் பொருள்கள் செகண்ட் லைஃப் எங்கும் பெருகின. ஒவ்வொரு பிரதியும் மேலும் பிரதிகளை ஈன்றது. அவற்றை அகற்றி முடிக்கும் வரை பயனர்களின் உள்நுழைவைத் தற்காலிகமாகத் தடுக்க நேர்ந்தது. தடைப்பட்டவர்களோ பலர்.

4. மாதிரி வினா

ஒரு பொருள் 12 மீற்றர் நிலையிலிருந்து 47 மீற்றர் நிலைக்கு மேற்கூறிய சார்பினால் நகர்த்தப்படுகிறது. தடை எதுவும் இல்லை.

(i) வைல் வளையத்தின் உடல் எத்தனை தடவை இயங்கும்?
(ii) நிபந்தனை எத்தனை தடவை சோதிக்கப்படும்?
(iii) தாமதங்களின் மொத்தம் யாது?
(iv) ஃபோர் வளையத்தில் தடவை எண்ணாக 35 ஐ 10 ஆல் வகுத்த நிறைவெண்ணை இட்டால் பொருள் எங்கு நிற்கும்?
(v) பொருள் ஏற்கெனவே இலக்கில் இருப்பின் வைல், டூ-வைல் வளையங்கள் முறையே எத்தனை தடவை இயங்கும்?

விடைகள்

(i) 4 (22, 32, 42, 47)
(ii) 5
(iii) 4 × 0.2 = 0.8 செக்கன்
(iv) 42 இல். இலக்கிற்கு 5 மீற்றர் குறைவு
(v) 0, 1

விடையை மனதாற் கணிக்க முயலாது, சுவட்டு அட்டவணையை வரைந்தே எழுதுக. எழுதும் ஒவ்வொரு வளையத்திலும் "இது எங்கே நிற்கும்?" என உங்களையே கேட்டுக் கொள்க. அதற்கு உடனே விடை கூற முடியாவிடின் அவ்வளையம் இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை என்பதே பொருள்.